படகேறு படலம்: புதுமணத் தம்பதியர் நீர்வழி விடுமுறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

கல்யாணமான ஓர் ஆணும் பெண்ணும் முதன்முதலாகச் சேர்ந்து படகேறினால் என்ன நடக்கும் என்ற கேள்வி இன்றுவரை நாதியற்றுக் கிடக்கிறது. படகைப் பற்றி எழுதியவர்கள் தம்பதியைத் தொடவில்லை. தம்பதியைப் பற்றி எழுதியவர்கள் கரையைத் தாண்டவில்லை. இரண்டையும் ஒரே ஓலையில் எழுதும் பொறுப்பு, வேறு வேலை இல்லாத காரணத்தால், இக்கட்டுரையாளர் தலையில் விழுந்தது. ஆய்வுக் களம் மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும். ஒப்புநோக்க இங்கிலாந்தின் கால்வாய்கள். மேல்முறையீட்டுக்குக் கொடைக்கானல். நிதியுதவி எந்தத் திசையிலிருந்தும் வரவில்லை, வந்தால் ஏற்றுக்கொள்ளப்படும்.

இங்கே நிறுவப்போவது இதுதான்: தம்பதியர் முதல் படகு விடுமுறை என்னும் வழக்கம் மதுரையில் முந்தித் தோன்றியது. இங்கிலாந்துக்காரர்கள் பிற்பாடு அதையே செய்தார்கள், ஆனால் முக்கியமான ஒரு பாகத்தைக் கோட்டைவிட்டுச் செய்தார்கள். அந்தப் பாகம் எது என்பதை இப்போதே சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு படிக்கமாட்டார்கள் என்பதால் அது தாமதிக்கப்படுகிறது.

அளவுகோலையும் முன்பே காட்டிவிடுவது முறை. எந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்வி: அங்கே நடப்பது மதுரை ஆட்சியா, சிதம்பரம் ஆட்சியா? அம்மன் கை ஓங்கினால் மதுரை, ஐயன் கை ஓங்கினால் சிதம்பரம். மேல்நாட்டுச் சமூகவியலார் தடித்தடியாகப் புத்தகம் போட்டு இழுத்தடித்த விஷயத்தை இரண்டே ஊர்ப்பெயரில் முடித்துவிட்ட மரபு நம்முடையது. நிலத்துக்கு ஏற்பட்ட இந்த அளவுகோலை நீருக்குப் பொருத்திப் பார்ப்பது இந்த ஆய்வின் புதுமை.

பூர்வபட்சம்

எதிராளியின் கட்சியை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது தருக்க நெறி. ஆகவே இங்கிலாந்து.

1761-ல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் பிரிண்ட்லி அதன் பொறியாளர். வேர்ஸ்லிச் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோவதே அதன் வேலை. அதைப் பார்த்து நாடெங்கும் கால்வாய் வெட்டும் பித்து பிடித்தது. மேடு பள்ளத்தைச் சமாளிக்க லாக் என்ற ஏற்பாடு செய்தார்கள்: முன்னும் பின்னும் கதவு போட்ட ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். கால்வாய் வெட்டியவர்கள் செலவைப் பார்த்தார்களோ தண்ணீரைப் பார்த்தார்களோ, நடுநாட்டுப் பகுதியில் பெரும்பாலான லாக்குகளை 7 அடி அகலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் படகும் 6 அடி 10 அங்குலத்தோடு நின்றுபோனது. நீளம் மட்டும் 70 அடி வரை போகும். நம்மூர் வரிசை வீடு ஒன்றைப் பெயர்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. முன்வாசலில் நிற்பவர் கொல்லைப்புறத்தில் இருப்பவரிடம் ஏதும் சொல்ல வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். இந்த அமைப்பு தாம்பத்தியத்துக்கு எவ்வளவு அனுகூலம், எவ்வளவு பிரதிகூலம் என்பது தனி ஆய்வு.

படகை இழுத்தது குதிரை. கால்வாயை ஒட்டிக் கரைப்பாதை, பாதையில் குதிரை, குதிரைக்கும் படகுக்கும் நடுவே நீளக் கயிறு. இந்தக் கயிற்றை வாசகர் மறந்துவிடக் கூடாது. பின்னால் வரும்.

பிறகு ரயில் வந்தது. சரக்கு ரயிலேறிப் போயிற்று. கால்வாய்கள் பாசி பிடித்துக் கிடந்த நாளில், 1939-ல், டாம் ரோல்ட் என்ற எஞ்சினியர் ஏஞ்சலா என்ற பெண்ணைக் கைப்பிடித்த கையோடு, பான்பரி ஊரில் ‘கிரெஸ்ஸி’ என்ற படகில் ஏறிப் புறப்பட்டுவிட்டார். பயணக் கதை ‘நேரோ போட்’ என்ற புத்தகமாக 1944-ல் வந்தது. 1946-ல் ரோல்ட்டும் ராபர்ட் ஐக்மன் என்பவரும் இன்னும் சிலரும் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிகளைக் காப்பதற்கு ஒரு சங்கமே தொடங்கினார்கள். புதுமணத் தம்பதி படகேறியதால் ஒரு நாட்டின் கால்வாய்கள் பிழைத்தன என்று அவர்கள் பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழியை 2012-ல் ஏற்பட்ட ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அதில் வாடகைப் படகெடுத்துப் போகும் தம்பதிகளுக்கும் குறைவில்லை.

போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? படகுத்துறைக்காரர் கொஞ்ச நேரம் பாடம் நடத்திவிட்டு 50, 60 அடி இரும்புப் படகைத் தம்பதி கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற பெரியவர் சர்வசாதாரணமாக முந்திப் போவார். சுக்கானை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். இதைப் புரிந்துகொள்வதற்குள் ஒருமுறையாவது கரையில் மோதியாகிவிடும். லாக் வந்தால் ஒருவர் சுக்கானோடு படகில் நிற்க, மற்றவர் கரையில் குதித்துக் கைப்பிடியைச் சுற்றி மடையைத் திறந்து, கதவுக் கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். கடினமான வேலை கரையில்தான். ஆனால் பெரும்பாலான படகுகளில் சுக்கானையும் தேநீர்க் கோப்பையையும் பிடித்தபடி நிற்பவர் கணவராகவும், கரையில் குதித்து முதுகைக் கொடுப்பவர் மனைவியாகவும் இருக்கக் காண்கிறோம். ‘எனக்கு ஸ்டியரிங் பழக்கம்’ என்பது இதற்கு உலகெங்கும் சொல்லப்படும் காரணம். ஆகவே இங்கிலாந்துக் கால்வாயில் நடப்பது சுத்தச் சிதம்பரம் ஆட்சி என்பது பெறப்படும். இது பூர்வபட்சம்.

உத்தரபட்சம்

பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் முதல் சரக்குப் படகு மிதப்பதற்கு 116 ஆண்டுகளுக்கு முன்னால், 1645-ல், திருமலை நாயக்கர் மதுரைக்குக் கிழக்கே வண்டியூர் மாரியம்மன் கோயில் பக்கம் தெப்பக்குளம் வெட்டிவிட்டார். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம் அது, பள்ளத்தை அப்படியே விடாமல் குளமாக்கினார் என்பது ஊர்வழக்கு. 1000 அடிக்கு 950 அடி என்று எல்லாரும் எழுதுவார்கள். அதே கையோடு 16 ஏக்கர் என்றும் எழுதுவார்கள். பெருக்கிப் பார்த்தால் 21 ஏக்கருக்கு மேல் வருகிறது. மிச்ச ஐந்து ஏக்கரை யார் பட்டா போட்டுக்கொண்டார்கள் என்பது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நாயக்கர் தம் பிறந்த நட்சத்திரமான பூசத்தை ஒட்டி, தை மாதப் பௌர்ணமியில், மீனாட்சியம்மனும் சொக்கநாதரும் இங்கே தெப்பத்தில் எழுந்தருளும்படி ஏற்பாடு செய்தார். இன்றும் நடக்கிறது. அதிகாலையில் கோயிலிலிருந்து கிளம்பி, கீழ்த்திசையில் ஊர்வலமாக வந்து, குளத்தில் தெப்பமேறி, காலையில் இரண்டு சுற்று, மாலையில் விளக்கொளியில் ஒரு சுற்று. பிறகு கோயிலுக்குத் திரும்புகிறார்கள்.

இதை விடுமுறை என்று எப்படிச் சொல்லலாம், உற்சவம் அல்லவா என்று மறுப்பாளர் கேட்பார். விடை எளிது. அன்றைக்கு மீனாட்சியம்மன் கோயிலில் நடை சாத்தியிருக்கும். சுவாமி புறப்பட்டுப் போனதிலிருந்து இரவு திரும்பும்வரை உள்ளே தரிசனம் கிடையாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இருவரும் வெளியூர் போயிருக்கிறார்கள் என்றால் அதற்குப் பெயர் விடுமுறை. அதிலும் முந்தைய நாள் சிந்தாமணியில் கதிரறுப்பு உற்சவத்தை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டுப் படகேறும் பொறுப்பற்ற தம்பதி அல்ல என்பதும் இதனால் விளங்கும்.

‘முதல்’ என்னும் சிக்கல்

அடுத்த ஆட்சேபம் சற்று வலுவானது. இந்தத் தம்பதி முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறார்களே, பிறகு இது எப்படி முதல் படகு விடுமுறை ஆகும்?

இங்கேதான் மதுரையின் நுட்பம் இருக்கிறது. மற்ற தம்பதிகளுக்குக் கல்யாணம் ஒருமுறை. மீனாட்சிக்கும் சொக்கருக்கும் வருஷா வருஷம் சித்திரையில் கல்யாணம். ஊரே வந்து நின்று பார்க்கிறது, அந்த முகூர்த்தத்தில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள், மொய் எழுதுகிறார்கள், விருந்து நடக்கிறது. சட்டப்படி பார்த்தாலும் சாஸ்திரப்படி பார்த்தாலும் சித்திரையில் அவர்கள் புதுமணத் தம்பதி. எனில் அடுத்து வரும் ஐப்பசித் தீபாவளி அவர்களுக்குத் தலைத் தீபாவளி. அடுத்து வரும் தை முதல் தேதி தலைப் பொங்கல். அதற்கடுத்த பௌர்ணமியில் வரும் தெப்பம் தலைத் தெப்பம் என்பதை எந்த நீதிமன்றமும் மறுக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் முதல்முறையாகவே படகேறும் வாய்ப்பு உலகில் வேறெந்தத் தம்பதிக்கும் வாய்க்கவில்லை. ரோல்ட் தம்பதிக்கு அது 1939-ல் ஒருமுறைதான் கிடைத்தது.

மாசியில் நடந்துவந்த கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். இரண்டு திருவிழாவையும் இணைத்து ஊரை ஒன்றுபடுத்த அப்படிச் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் காரணம் சொல்கிறார்கள். அவர்கள் தெப்பத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. மாசியில் கல்யாணம் என்றால் தையில் பதினோரு மாதம் முடிந்து தம்பதி பழசாகியிருக்கும். பேசுவதற்கு விஷயமும் தீர்ந்திருக்கும். சித்திரை என்றால் ஒன்பதே மாதம். புதுக்கருக்கு இன்னும் அழியாத பருவம். நாயக்கர் யோசித்துத்தான் செய்தார் என்க.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சித்திரையில் பட்டம் கட்டிக்கொண்டு அம்மன் ஆவணி வரை நான்கு மாதம் ஆள்கிறாள். ஆவணியில் சுவாமி பட்டமேற்று எட்டு மாதம் ஆள்கிறார். தெப்பம் வருவது தையில். அதாவது அம்மன் தன் தவணையை முடித்துக் கணக்கொப்படைத்துவிட்டு நிம்மதியாக வருகிறாள்; சுவாமி பதவியில் இருக்கும்போதே லீவு போட்டுவிட்டு வருகிறார். மனைவிக்காக அலுவலில் விடுப்பு எடுத்த கணவர்களுக்கு இவரே முன்னோடி.

தகுதிச் சான்று

படகுத்துறைக்காரரின் துரிதப் பாடம் இவர்களுக்குத் தேவைப்படவில்லை. சுவாமியின் நீர்வழி அனுபவம் திருவிளையாடற் புராணத்தில் ஆதாரத்தோடு இருக்கிறது. வலை வீசின படலத்தில் மீனவராக வந்து, கடலைக் கலக்கிக்கொண்டிருந்த சுறாவைப் பிடித்து, அதற்குப் பரிசாகப் பரதவர் குலத்தில் பிறந்திருந்த அம்மையையே மணந்தார். கடல் அனுபவம், அதுவும் மாமனார் கண்ணெதிரில் தேர்ச்சி பெற்ற அனுபவம். இந்தத் திருவிளையாடலும் தெப்பத் திருவிழா நாட்களில்தான் நடத்திக் காட்டப்படுகிறது. புறப்படுமுன் சான்றிதழை எடுத்துக் காட்டுவது போலத்தான்.

கரை வேலையிலும் அவர் முன் அனுபவம் உள்ளவர். வைகை உடைத்துக்கொண்டு வந்தபோது வந்தி என்ற கிழவிக்காகப் பிட்டுக்கு மண் சுமக்க வந்த கூலியாள் அவர்தான். பிட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. இங்கிலாந்துக் கால்வாய்களை வெட்டிய கூலியாட்களும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகக் குடித்து, சம்பள நாளில் ரகளை செய்ததாகவே கேள்வி. ஆனால் அவர்களில் ஒருவரை அடித்து அடி மேஸ்திரிகளின் முதுகில் விழுந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. இதிலும் மதுரை ஒருபடி மேலே நிற்கிறது.

குதிரை விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். அங்கே குதிரை கரையில் நடந்தது, படகு தண்ணீரில் போயிற்று. இங்கே சித்திரையில் மைத்துனர் கள்ளழகர் தங்கக் குதிரையோடு நேரே ஆற்றில் இறங்கிவிடுகிறார். படகு அவருக்கு வேண்டாம். அதனால் தைத் தெப்பத்துக்கு அழைப்பும் இல்லை. கல்யாணத்துக்கே நேரத்துக்கு வந்து சேராதவரைப் படகுக்கு அழைத்து விடியற்காலையிலிருந்து காத்திருப்பானேன் என்று அம்மன் நினைத்திருக்கலாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே, மாசிப் பௌர்ணமியில், அழகர்கோயில் பக்கம் பொய்கைக்கரைப்பட்டியில் தமக்கென்று தனியாகத் தெப்பம் வைத்துக்கொள்கிறார்.

மாம்பழக் கணக்கு

இந்த ஆய்வில் இக்கட்டுரையாளர் சொந்தக் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடும் பகுதி இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

தெப்பக்குளத்தின் நடுவே ஒரு நீராழி மண்டபம். அதில் இருப்பவர் பிள்ளையார். குளம் தோண்டியபோதே ஒரு பெரிய பிள்ளையார் கிடைத்ததாகவும், அவர்தான் மீனாட்சி கோயிலில் வீற்றிருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் ஊர் சொல்கிறது. இந்தக் குளத்தில் தொடக்கத்திலும் பிள்ளையார், நடுவிலும் பிள்ளையார். தாய் தந்தையர் படகேறிச் சுற்றுவது அவரைச் சுற்றித்தான்.

ஏன்? புதுமணத் தம்பதியின் தேன்நிலவுக்கு மூத்த பிள்ளை எதற்கு நடுவில் வந்து உட்கார வேண்டும்?

ஒரு மாம்பழம் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். உலகை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்றார்கள். இளையவர் மயிலேறிப் பறந்தார். மூத்தவர் அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்டார். கணக்கு அன்றோடு முடிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முடியவில்லை. பிள்ளை பெற்றோரை ஒரு சுற்றுச் சுற்றியதற்கு, பெற்றோர் பிள்ளையை ஆண்டுதோறும் மூன்று சுற்றுச் சுற்றி வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அசல் ஒரு சுற்று, வட்டி இரண்டு சுற்று. மதுரையில் நடப்புக் கந்துவட்டி விகிதத்தோடு ஒப்பிட்டால் இது மிதமானது.

இது தற்செயல் என்பவர்கள் நாளைப் பார்க்க வேண்டும். தைப்பூசம். அன்றைக்கு, கோபித்துக்கொண்டு போன இளைய பிள்ளை பழனியில் இருக்கிறார். பாதயாத்திரைக் கூட்டம் காவடியோடு அவரைத் தேடி நடந்துகொண்டிருக்கிறது; நெடுஞ்சாலையின் ஒரு ஓரம் முழுக்கப் பச்சையும் காவியுமாக இருக்கும். ஊர் இளையவரைப் பார்த்துக்கொள்கிற அதே பருவத்தில் பெற்றோர் மூத்தவரிடம் போய்விடுகிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாரும் புலம்பாமல் ஒரு பண்டிகையை நடத்துவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். குழந்தை குட்டியோடு நேரோ போட்டில் போய், ‘இன்னும் எத்தனை லாக்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்த தம்பதிகள் இந்த இடத்தை இருமுறை படிக்கவும்.

வேகமும் தொலைவும்

இனிக் கணக்கு. குளத்தின் சுற்றளவு 3,900 அடி. மூன்று சுற்றுக்கு 11,700 அடி, அதாவது ஏறத்தாழ 2.2 மைல். தெப்பம் கரையை விட்டுச் சற்று உள்ளே தள்ளிப் போவதால் உண்மையில் இதற்கும் குறைவு. இங்கிலாந்தின் வேக வரம்பான 4 மைல் வேகத்தில் போனால் இந்தத் தூரத்தை 33 நிமிடத்தில் முடித்துவிடலாம். மதுரை இதற்குக் காலையிலிருந்து இரவு வரை எடுத்துக்கொள்கிறது. நேரோ போட் விடுமுறையின் சிறப்பே மெதுவாகப் போவதுதான் என்று அவர்களே சொல்வதால், அவர்கள் அளவுகோலின்படியே அவர்கள் தோற்றார்கள்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. வூஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாயில் டார்டெபிக் என்ற இடம். பிரிட்டனிலேயே மிக நீண்ட லாக் வரிசை அங்கேதான்: இரண்டேகால் மைலுக்குள் 30 லாக்குகள். தெப்பத்தின் மூன்று சுற்றும் ஏறக்குறைய அதே தூரம். அதே தூரத்துக்கு அங்கே ஓர் இல்லாள் முப்பதுமுறை கரையில் குதித்து, முப்பதுமுறை கைப்பிடி சுற்றி, முப்பதுமுறை முதுகைக் கொடுத்துக் கதவு தள்ளுகிறாள். மீனாட்சியம்மன் தள்ளும் கதவுகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

ஏனென்றால் இழுப்பது ஊர். தெப்பத்தில் கட்டிய வடத்தைக் கரையில் நிற்கும் பக்தர்கள் பிடித்து இழுத்துக்கொண்டே சுற்றி வருகிறார்கள். கயிற்றை மறக்க வேண்டாம் என்று முன்பே சொன்னது இதற்காகத்தான். இங்கிலாந்தில் குதிரை இருந்தது. பிறகு டீசல் எஞ்சின் வந்தது. குதிரையும் குதிரைக்காரரும் போனார்கள். படகை ஓட்டும் வேலை தம்பதி தலையிலேயே விழுந்தது. விழுந்த அன்றே சுக்கான் யார் கையில் என்ற கேள்வியும் பிறந்தது. மதுரைத் தெப்பத்தில் எஞ்சின் இல்லை. தம்பதி பிடிக்கச் சுக்கானும் இல்லை. பிடிக்க ஏதுமில்லாத இடத்தில் மதுரை ஆட்சியும் கிடையாது, சிதம்பரம் ஆட்சியும் கிடையாது. இங்கிலாந்து கோட்டைவிட்ட பாகம் இதுதான்.

மேல்முறையீடு: கொடைக்கானல்

மானிடத் தம்பதிகளை வைத்துச் சோதிக்காமல் கடவுளை வைத்தே முடிவு கட்டலாமா என்று கேட்பார்கள். சரி, கொடைக்கானல் போவோம். அது திண்டுக்கல் மாவட்டமாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: 1985 வரை அது மதுரை மாவட்டம். தவிரவும் அந்த ஏரியை 1863-ல் உண்டாக்கிய வியர் ஹென்றி லெவிஞ்ச் மதுரைக் கலெக்டர்தான். சதுப்பு நிலத்து ஓடைக்கு அணை கட்டி ஏரியாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகையும் கொண்டுவந்தார் என்பார்கள். மதுரையில் தெப்பம் பார்த்த வெள்ளைக்காரர் மலையில் போய்ப் படகுக்கு ஏங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1890-ல் படகு கிளப்பும் வந்துவிட்டது.

மதுரைச் சமவெளியில் கல்யாணமான ஜோடி மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து முதலில் பஸ்ஸேறுவது இந்த ஏரிக்குத்தான். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்படுவது மிதிபடகு. இருவருக்கும் தனித்தனியே மிதிகட்டை. நடுவில் திசை திருப்ப ஒரே ஒரு கைப்பிடி. தாம்பத்திய ஆராய்ச்சிக்கென்றே செய்த கருவியாக இதைக் கருத இடமுண்டு. கரையில் ஸ்வெட்டரோடு நின்று, கையில் சுட்ட சோளத்தோடு, காதில் விழுந்ததைப் பதிவுசெய்ததில் ஒரு மாதிரி:

“ஏங்க, வலது பக்கமாவே போகுது.”

“தெரியும்மா. நான்தானே பிடிச்சிருக்கேன்.”

“பிடிச்சிருக்கீக. திருப்பலையே.”

“நீ மிதிக்கிறத நிறுத்து, திருப்பிருவேன்.”

“நான் நிறுத்துனா படகே நின்னுரும். நீங்கதான் மிதிக்கவே இல்லையே.”

சற்று மௌனம். தாமரைக்கொடிப் பக்கம் படகு ஒதுங்கிச் சிக்கிக்கொள்கிறது.

“இதுக்குத்தான் எங்க மாமா ஊட்டிக்குப் போகச் சொன்னாரு.”

“ஊட்டியில மட்டும் உங்க மாமாவா வந்து மிதிப்பாரு?”

கைப்பிடி சிதம்பரத்தின் கையில், மிதிப்பது மதுரையின் கால் என்பது எந்தப் படகை எடுத்துக்கொண்டாலும் மாறவில்லை. ஆனால் அதே ஜோடி, துடுப்புக்காரரோடு வாடகைக்கு எடுக்கும் படகில் ஏறினால் பேச்சே வேறாகிவிடுகிறது. பனியைப் பார்க்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். மாமா ஞாபகம் வருவதில்லை. மூன்றாம் ஆள் இழுத்தால் இருவர் ஒற்றுமை. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவோர் தெப்பக்குளத்துக்கே வரலாம். தண்ணீர் நிறைந்த காலங்களில் அங்கேயும் படகு சவாரி விடுவதுண்டு. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்து மண்டபத்தைச் சுற்றிவிட்டு, இறங்கிப் பருத்திப்பாலோ ஜிகர்தண்டாவோ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். சண்டை இல்லை. படகோட்டி வேறு ஒருவர்.

வறண்ட ஆண்டுகள்

நேர்மையான ஆய்வு பாதகமான தரவையும் மறைக்கக் கூடாது. தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லாத ஆண்டுகள் பல இருந்தன. குளத்துக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள்; சிக்ஸர் போனால் மண்டபத்துப் பக்கம் போய்ப் பந்தெடுத்து வந்தார்கள். அந்த ஆண்டுகளில் தெப்பத்தைக் கட்டி நிறுத்தி, நிலைத்தெப்பமாக உற்சவத்தை முடித்தார்கள். இது தோல்வி என்று இங்கிலாந்துத் தரப்பு வாதிடக்கூடும். வறட்சி வந்தால் அவர்களும் லாக்கைப் பூட்டிப் படகுகளை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் தடை. வாடகையைத் திருப்பிக் கேட்டுத் தகராறு. இங்கே தம்பதி நிற்கிற படகிலும் அலங்காரம் குலையாமல் உட்கார்ந்துவிட்டு, திருப்தியாக வீடு திரும்பினார்கள்.

பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவந்தபின் நிலைமை மாறி, மறுபடி தெப்பம் மிதக்கிறது. வைகை அணையை முக்கியமாக நிரப்புவது முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-ல் அந்த வேலையை முடித்தவர் ஜான் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஆகவே இங்கிலாந்தின் பங்கு ஒன்றுமே இல்லை என்று இக்கட்டுரை சொல்லவில்லை. குளத்தை நாயக்கர் வெட்டினார்; அதில் தண்ணீர் நிற்பதற்கு 250 ஆண்டு கழித்து ஓர் இங்கிலீஷ்காரர் சுரங்கம் வெட்டினார். தேனி, கம்பம் பக்கம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். அவர் அடங்கியிருக்கும் ஃப்ரிம்லி ஊர் வழியாகப் போவது பேசிங்ஸ்டோக் கால்வாய். நேரோ போட்டுகள் அதில் போய்வருகின்றன. மதுரைத் தம்பதிக்குத் தண்ணீர் அனுப்பியவர் பக்கத்தில் இன்று இங்கிலாந்துத் தம்பதிகள் சுக்கானுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பது இந்த ஆய்வில் தற்செயலாகக் கிடைத்த துணைத் தரவு.

முடிபு

தம்பதியர் முதல் படகு விடுமுறை என்ற வழக்கின் காலமுந்துரிமை மதுரைக்கே உரியது, ஆண்டு 1645. இங்கிலாந்துக் கால்வாயில் நடப்பது அதன் கிளை வழக்கு. கொடைக்கானல் மிதிபடகு, கைப்பிடியை இரண்டாக்கும்வரை, விபரீதச் சோதனை என்றே வகைப்படுத்தப்படும். இந்தக் கருத்தில் மாறுபடும் அறிஞர்கள் எழுத்து மூலமாக மறுப்பு அனுப்ப வேண்டியதில்லை. தைத் தெப்பத்தன்று நேரில் வந்து வடத்தில் ஒரு கை கொடுத்துவிட்டுப் பேசலாம். காலைச் சுற்றுக்கே வந்துவிடுங்கள். சாயங்காலச் சுற்றுக்குக் காமராசர் சாலையில் வண்டி விடமாட்டார்கள்.